பன்னிரண்டு தோல்விக்குப் பிறகும் திடலுக்குப் போகிறவருக்கு

வாசகர் கடிதம்:

"எனக்கு வயது 52. சுங்கை சிப்புட் பக்கம். பட்டறையில் வெல்டர் வேலை, கைக்கு வருவது 2,800 ரிங்கிட். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் குடியிருந்த லயம் போய்விட்டது, கோயிலும் இடம் மாறிவிட்டது. தோட்டத்துப் பேரில் இன்னும் இருப்பது எங்கள் காற்பந்துக் குழு ஒன்றுதான். போன பருவத்தில் மாவட்ட லீக்கில் 14 ஆட்டம், 12 தோல்வி, 2 சமநிலை. அதற்கு முந்தைய பருவமும் அதே கதைதான். இடைவேளை வரை ஈடு கொடுப்பார்கள், கடைசி இருபது நிமிஷத்தில் மூன்று நான்கு கோல் வாங்கிவிடுவார்கள். நான் வேன் ஓட்டுகிறேன், தண்ணீர் வாங்குகிறேன், மாதம் 400 ரிங்கிட் வரை போகிறது. தோற்ற அன்று வீட்டில் யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை, செவ்வாய்க்கிழமை வரைகூட அப்படியே இருப்பேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆட்டம் முடிந்தால் தலை வலிக்கிறது. 15 வயது மகன் ஜொகூர் குழுவான ஜேடிடியின் ஜெர்சி போட்டுக்கொண்டு என்னைக் கிண்டல் செய்கிறான். மனைவி, 'போதும், விடுங்க' என்கிறாள். எதிரணி மேல் பந்தயம் கட்டு, தோற்றாலும் காசாவது மிஞ்சும் என்கிறான் ஒரு நண்பன். விட்டுவிடலாமா? விடவும் மனசு வரவில்லை."

ஆலோசகர் பதில்:

அன்புள்ள ஐயா,

விடுவதா வேண்டாமா என்ற முடிவை இந்தப் பருவம் முடியும்வரை தள்ளி வையுங்கள். 0-5 என்று தோற்றுவிட்டு வேனில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு புதன்கிழமை வரை நிற்காது. உங்கள் கடிதத்தில் பாசம், உடம்பு, பணம், வீடு என்று நான்கு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாசத்தில் எந்தக் கோளாறும் இல்லை. மற்ற மூன்றையும் ஆட்டத்தின் முடிவோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் நமக்கு வேலை.

முதலில் உடம்பு, அதைத் தள்ளிப்போட முடியாது. 2006 உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் இருதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை மற்ற நாட்களைப் போல் 2.66 மடங்கு, ஆண்களிடம் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் மிக அதிகம். அந்த முறை ஜெர்மனி பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டிருந்தது என்பதையும் கவனியுங்கள். தோல்வி மட்டும் இருதயத்தைத் தாக்குவதில்லை, பதற்றமே போதும். ஏற்கெனவே இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூடும்.

ஆட்டம் முடிந்தால் தலைவலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெயில் என்று ஒதுக்கிவிடாமல் அளந்து பாருங்கள். கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஏழு நாள் காலையும் மாலையும் அளக்க வேண்டும். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காப்பி, சிகரெட் கூடாது. முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற ஆறு நாள் சராசரியைப் பார்க்க வேண்டும். ஆட்ட நாளில் வீடு திரும்பி அரை மணி கழித்து அளந்ததைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். ஒரே ஒரு முறை அங்கே அளந்து சொல்லும் எண்ணைவிட இந்தத் தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். 180-க்கு 120 என்ற அளவை எட்டினால் ஐந்து நிமிடம் ஓய்ந்து மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் 999-ஐ அழையுங்கள், அந்த நேரத்தில் நீங்களே வேன் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆட்டம் இருக்கிறதே என்று மாத்திரையை முன்பின்னாகச் சாப்பிடுவதும், மறப்பதும் கூடவே கூடாது.

வேன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு கோல் வாங்கிய கோபத்தோடு, மழை ஈரத்தில், பின்னால் பத்துப் பையன்களை வைத்துக்கொண்டு ஓட்டுவது இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த விஷயம். போகும்போது நீங்கள் ஓட்டுங்கள். திரும்பும்போது லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஓட்டட்டும். ஆள் இல்லாத நாளில் திடலிலேயே இருபது நிமிடம் நடந்துவிட்டு, ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டுக் கிளம்புங்கள்: நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். அந்த வேகத்தில் இருதயத் துடிப்பு இறங்கும்.

இப்போது மனசுக்கு வருவோம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கைப்பேசிச் செயலி வழியாக ஆயிரக்கணக்கான காற்பந்து ரசிகர்களின் மனநிலையை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வெற்றி தரும் சந்தோஷத்தைப் போல் இரண்டு மடங்கு கனம் தோல்வி தரும் வருத்தத்துக்கு. அதை உங்கள் பருவத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தோல்வியை ஈடுகட்ட இரண்டு வெற்றி வேண்டும். உங்களுக்கு வெற்றியே இல்லை. ஆக, ஆட்டத்தின் முடிவிலிருந்து மகிழ்ச்சி எடுக்க நினைத்தால் இந்தக் குழு எந்தக் காலத்திலும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஓரளவு நன்றாக ஆடும் குழுவுக்குக்கூடக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் உலகம் முழுக்கத் தோற்கும் குழுக்களின் பின்னால் ஜனம் ஏன் போகிறது? 2007-08 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் டர்பி கவுன்டி 38 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது, மொத்தம் 11 புள்ளி. ஆனாலும் அவர்கள் சொந்தத் திடலுக்குச் சராசரியாக 32,000 பேருக்கு மேல் வந்தார்கள். அமெரிக்காவில் டேனியல் வான் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ரசிகர்களைப் பற்றியே ஆராய்ந்தவர். தன் ஊர்க் குழுவோடு ஒட்டுதல் உள்ளவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவு, மற்றவர்களோடு தொடர்பு அதிகம் என்று அவர் கண்டார். குழு ஜெயிப்பதைப் பொறுத்து அந்தப் பலன் கூடுவதோ குறைவதோ இல்லை. பலனைத் தருவது பக்கத்தில் நிற்கும் ஆள். தூரத்துக் குழுவைத் தொலைக்காட்சியில் தனியாகப் பார்ப்பவருக்கு அதே பலன் கிடைப்பதில்லை. உங்களுக்கோ திடலின் ஓரத்தில் நாற்பது வருஷத்துக் கூட்டாளிகள் நிற்கிறார்கள். அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் உங்கள் குழுவுக்கு இன்னொரு பாரம் இருக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு செம்பனையும் போய்த் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது. நம் தோட்டங்களில் பலவற்றின் பேர் இன்று ரோட்டுப் பலகையில்கூட இல்லை. உங்கள் தோட்டத்தின் பேர் அந்த ஜெர்சியின் நெஞ்சில் மட்டும் மிச்சமிருக்கிறது. அதனால் பத்தொன்பது வயதுப் பையன் ஒரு பந்தைத் தவறவிட்டால், உங்களுக்குத் தோட்டமே இன்னொரு முறை கைவிட்டுப் போனது போல் வலிக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை பேச்சு வராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு லீக் ஆட்டத் தோல்விக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

அந்தப் பையன்களில் பாதிப் பேர் லயத்தில் பிறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்தின் நினைவைச் சுமப்பதை அவர்கள் கால்களிலிருந்து இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். குழுவின் பழைய படங்களைச் சேகரியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் பென்சிலால் (பேனா மை மறுபக்கம் ஊறும்) பேர், ஆடிய இடம், ஏறத்தாழ ஆண்டு எழுதுங்கள். பேர் தெரியாதவர்களுக்குக் கேள்விக்குறி போட்டு, 70 வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் கொண்டுபோய்க் கேளுங்கள், அவர்களிடம்தான் நேரம் குறைவு. கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். தீபாவளியை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோ வருடத்துக்கு ஒரு நாள், 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பாதிக்கு 20 நிமிடம் வீதம் ஒரு ஆட்டம் வைத்து, ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களைக் குடும்பத்தோடு கூப்பிடுங்கள். தோட்டத்துக்கு அப்படி ஒரு நாள் இருந்தால், மாவட்ட லீக்கில் வாங்கும் ஐந்து கோல் வெறும் ஐந்து கோலாகச் சுருங்கும்.

இனி அந்தக் கடைசி இருபது நிமிடம். உங்கள் குழு அளவில் சின்னது. ரசிகன் கையில் பிடித்துத் திருத்தக்கூடிய விஷயங்கள் இதில் நிறைய உண்டு. அது பெரிய குழு ரசிகர்களுக்கு வாய்க்காத வாய்ப்பு.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். வாங்கிய கோல்களைப் பதினைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து ஆறு கட்டத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று ஒரு சொல் போதும்: கார்னர், பிரீ கிக், பெனால்டி, நம் தவறு, அவன் திறமை. அந்த வாரப் பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஆட்டத்துக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ஐந்து ஆட்டம் சேர்ந்தால் நோய் எது என்று தெரிந்துவிடும். முதல் பதினைந்து நிமிடத்தில் கோல் விழுந்தால், பையன்கள் பத்து நிமிடம் முன்னால் வந்து பூட்ஸ் கட்டிக்கொண்டு உடம்பைச் சூடேற்றாமல் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். கார்னரில் விழுந்தால், யார் யாரைப் பிடிப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேர் சொல்லிப் பிரிக்கவில்லை. காற்பந்தில் நிறுத்திவைத்து அடிக்கும் பந்திலிருந்து வரும் கோல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். வாரம் ஒரு நாள்தான் பயிற்சி என்றாலும் அதில் இருபது நிமிடத்தைக் கார்னர் தற்காப்புக்கு மட்டும் ஒதுக்கினால் பலன் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் குழுவுக்கு 70-ஆவது நிமிடத்துக்கு மேல்தான் விழுகிறது. அதற்குப் பெரும்பாலும் தண்ணீர், சாப்பாடு, ஆள் பற்றாக்குறை இந்த மூன்றும் சேர்ந்துதான் காரணம். நம் ஊர் வெயிலில் மாலை ஐந்து மணி ஆட்டத்தில்கூட ஒரு பையன் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை விடுவான். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தண்ணீராகக் குறைந்தால் ஓட்டமும் கவனமும் தளரும். 60 கிலோ பையனுக்கு அது 1.2 கிலோ. ஒரு எடைப் பலகையைத் திடலுக்குக் கொண்டுபோய், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அரைக்கால் சட்டையோடு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். யாருக்காவது எடை கூடியிருந்தால் அவன் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான், அதுவும் நல்லதில்லை.

ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 மில்லி, அதாவது 60 கிலோ பையனுக்கு 300 முதல் 420 மில்லி குடிக்க வேண்டும். திடலில் ஆளுக்கு ஒரு ஒன்றரை லிட்டர் பாட்டில், மார்க்கரில் பேர் எழுதி. பொதுவான ஒரே குடத்திலிருந்து எல்லோரும் குடித்தால் யார் எவ்வளவு குடித்தான் என்றே தெரியாது, சளிக் காய்ச்சலும் பரவும். 16 பேருக்கு 24 லிட்டர், ஐந்து கிலோ ஐஸ் பை இரண்டு. இடைவேளையில் உப்பும் சர்க்கரையும் வேண்டும்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை அளந்து போடுங்கள், கண்ணளவில் போட்டால் கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விருந்து வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு ஓடுகிறவனுக்கு எந்தத் தண்ணீரும் உதவாது. சோறு இரண்டு மணிக்குள் முடியட்டும், எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைவாக. நாலரை மணிக்குப் பசித்தால் ஒரு வாழைப்பழம்.

ஆள் விஷயம் கடினமானது. ஈப்போ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, சிங்கப்பூரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் பையன்கள், இவர்களை வைத்துத்தான் சின்ன ஊர்க் குழு எல்லாம் ஓடுகிறது. 12 பேர் மட்டும் வந்த நாளில் களைத்தவனை மாற்ற முடியாது. புதன்கிழமை இரவுக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) "வருகிறேன், வரவில்லை" என்று ஒரு சொல் பதில் வாங்குவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வராதவனுக்கு வியாழன் நேரில் அழையுங்கள். காற்பந்துச் சட்டம் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் வரை இடம் தருகிறது, உங்கள் லீக் எத்தனை அனுமதிக்கிறது என்று அதன் விதித் தாளில் பாருங்கள். மாற்ற ஆள் இருந்தும் கடைசி நிமிடம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தால், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

சூடேற்றுவதற்கு ஃபிஃபாவின் 11 பிளஸ் என்ற பயிற்சி முறை இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம், ஒரு பந்தைத் தவிர வேறு கருவி வேண்டாம், காணொலியாகவே கிடைக்கிறது. வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த குழுக்களில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காயம் குறைந்தால் ஆள் எண்ணிக்கை தானாகக் கூடும். இதில் பொதுவாக நடக்கும் தவறு, ஓட்டப் பகுதியை மட்டும் செய்துவிட்டுத் தொடை, இடுப்புப் பயிற்சிகளை விட்டுவிடுவது. பலன் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இடி மின்னலைப் பற்றி ஒரு வரி. பேராவில் மாலை நேரத்து மழையைச் சொல்ல வேண்டியதில்லை. இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் திடலை விட்டு கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மரத்தடி கூடாது. நடுவர் தயங்கினாலும் உங்கள் பையன்களை நீங்கள் கூப்பிடுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தாலும் அடுத்த பருவம் ஜெயிப்பீர்கள் என்று நான் சொல்ல முடியாது. 1-5 என்பது 1-2 ஆகலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள நீங்கள் பழக வேண்டும். 2015 செப்டம்பரில் நம் மலேசியத் தேசியக் குழு ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்றது. 2018-இல் உலகத் தரவரிசையில் 178-ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே நாடு 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவை 3-3 என்று நிறுத்தியது. அந்த முறையும் நாம் முதல் சுற்றோடு வெளியேறினோம், ஆனால் அந்த மூன்றாவது கோலுக்குக் கத்தியவர்கள் யாரும் அதை வீண் என்று நினைக்கவில்லை. உங்கள் மாநிலக் குழுவான பேராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-க்குப் பிறகு மலேசியக் கிண்ணத்துக்கு 2018 வரை 18 ஆண்டு காத்திருந்தது, மூன்றே ஆண்டில் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் ரசிகன் கையில் இல்லை. தண்ணீர்ப் பாட்டிலும் புதன்கிழமை அழைப்பும் உங்கள் கையில் இருக்கின்றன.

நோட்டில் உள்ளதை ஆட்டத்தின் நடுவே பயிற்றுநரிடம் சொல்லக் கூடாது. ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை, ஆட்டம் இல்லாத நாளில், தேநீர்க் கடையில் உட்கார்ந்து தாளைக் கொடுங்கள். "இதில் 17 கோல் எழுபது நிமிடத்துக்கு மேல்" என்ற மாதிரி எண்ணை மட்டும் சொல்லுங்கள். யாரை எடுக்க வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. திடலோரத்திலிருந்து பேர் சொல்லித் திட்டும் பழக்கம் உங்கள் கூட்டத்தில் யாருக்காவது இருந்தால் அதை நிறுத்தச் செய்யுங்கள். அடிக்கடி தோற்கும் குழுவில் பையன்கள் முதலில் பயப்படுவது எதிரணிக்கு இல்லை, ஓரத்தில் நிற்கும் மாமாக்களுக்குத்தான். பயந்தவன் பந்தைக் கேட்டு வாங்க மாட்டான்.

பணத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: 2,800-இல் 400 என்பது ஏழில் ஒரு பங்கு. மனைவி கோபப்படுவது நியாயம். சம்பளம் வந்த அன்றே 120 ரிங்கிட்டை ஒரு உறையில் போடுங்கள், அது தீர்ந்தால் அந்த மாதத்துக்கு அவ்வளவுதான். மீதியை மற்றவர்கள் தாங்க வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் 25 பேர் மாதம் 10 ரிங்கிட் கொடுத்தால் 250 ஆகிவிடும். பணத்தை ஒருவர் வாங்கட்டும், இன்னொருவர் கணக்கு எழுதட்டும், மாதக் கடைசியில் ரசீதுகளைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் போடுங்கள். இந்த ஒழுங்கு தவறினால் மூன்றாம் மாதமே வசூல் நின்றுவிடும், சண்டையும் வரும். குழு இன்னும் பதிவாகவில்லை என்றால் 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் மன்றமாகப் பதியுங்கள். அதன் பிறகு மன்றத்தின் பேரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் மானியம் கேட்கலாம். ஜெர்சிக்கு ஒரு கடைக்காரரைப் பிடிப்பதும் எளிதாகும்.

நண்பர் சொன்ன பந்தயத்தைத் தொடவே வேண்டாம். உரிமம் இல்லாமல் எடுக்கும் விளையாட்டுப் பந்தயம் 1953 பந்தயச் சட்டப்படி குற்றம். நீங்கள் வேன் ஓட்டி, தண்ணீர் கொடுத்து, யார் வருகிறான் வரவில்லை என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் ஆள். அப்படிப்பட்டவர் எதிரணி மேல் பணம் வைத்தால், அடுத்த தோல்வியில் ஒவ்வொரு பையனும் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பான். 1994-95-இல் காசு வாங்கிக்கொண்டு முடிவை மாற்றும் ஆட்ட நிர்ணயத்தால் மலேசியக் காற்பந்து எப்படிச் சிதைந்தது, எத்தனை ஆட்டக்காரர்கள் தடை வாங்கினார்கள் என்பது உங்கள் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். திடல்கள் அதற்குப் பிறகு காலியானதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். அந்த நண்பரிடம் ஒரு முறை தெளிவாக மறுத்துவிடுங்கள்.

வீடு. இங்கிலாந்தின் லங்காஷையர் காவல்துறைக் கணக்கை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்று உலகக் கிண்ணங்களில், இங்கிலாந்து தோற்ற நாட்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் 38 விழுக்காடு கூடின, ஜெயித்த அல்லது சமநிலை கண்ட நாட்களில்கூட 26 விழுக்காடு கூடின. நீங்கள் கை ஓங்குபவர் என்று நான் சொல்லவில்லை, உங்கள் கடிதத்திலும் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு நாள் மௌனமும் வீட்டில் இருப்பவர்களைத் தண்டிப்பதுதான். கோல் வாங்காதவர்கள் அவர்கள்.

ஆட்ட நாளுக்கு ஒரு ஒழுங்கு வையுங்கள். முடிந்ததும் கூட்டாளிகளோடு முக்கால் மணி நேரம் தேநீர், பேச வேண்டியதையெல்லாம் அங்கே பேசித் தீர்த்துவிடுங்கள். மதுவைத் தவிருங்கள், அது அழுத்தத்தையும் ஏற்றும், நாக்கையும் அவிழ்க்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் ஆட்டத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: "மூணுக்கு ஒண்ணு தோத்துட்டோம், மனசு சரியில்ல, குளிச்சிட்டு வந்து சாப்பிடுறேன்." சொல்லிவிட்டால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது அவருடைய நாளைப் பற்றிக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குழுவின் புலனத்தைத் திறக்காதீர்கள். யார் தவறு என்ற சண்டை அங்கேதான் நடக்கும், தூக்கமும் அங்கேதான் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆட்டம் இருந்தாலும், குடும்பத்துக்கு. எந்த ஞாயிறு என்று மனைவி தேர்ந்தெடுக்கட்டும்.

மகனை விட்டுவிடுங்கள். ஜேடிடி 2014-இலிருந்து ஒவ்வொரு ஆண்டும் சூப்பர் லீக் வெற்றியாளர். அவனுக்கு நினைவு தெரிந்த நாளாக வேறு யாரும் அந்தக் கிண்ணத்தைத் தூக்கியதில்லை. ஜெயிப்பவர்களோடு சேர்ந்து நிற்க விரும்புவது மனித இயல்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் குழு ஜெயித்த வாரத்துத் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையை அதிகம் அணிந்தார்கள். 15 வயதுப் பையன் வகுப்பில் தலை நிமிர்ந்து நடக்க ஒரு ஜெர்சியைத் தேடுகிறான், உங்களை அவமதிக்க இல்லை. அவனோடு உட்கார்ந்து ஒரு ஜேடிடி ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், எந்த ஒப்பீடும் செய்யாமல். பிறகு ஒரு வேலைக்கு அவனைக் கூப்பிடுங்கள்: கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்த அளவு உயரமான இடத்திலிருந்து ஆட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும். கைப்பேசியைப் படுக்கை வாட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஒரு பவர் பேங்க் கொடுங்கள். அந்தப் படத்திலிருந்து கோல் விழுந்த கட்டங்களை வெட்டிப் பயிற்றுநருக்கு அனுப்புவது அவனுக்கு வரும், உங்களுக்கு வராது. பருவத்தில் இரண்டு ஆட்டம் போதும். மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

பருவம் முடிந்து நான்கு வாரம் கழித்து, மனைவியோடு உட்கார்ந்து, முதலில் கேட்டதற்கு விடை தேடுங்கள். 120 ரிங்கிட்டுக்குள் நிற்க முடிந்ததா? ஆட்டத்துக்கு மறுநாள் காலை வீட்டில் சாதாரணமாகப் பேசினீர்களா? இரத்த அழுத்தம் மருத்துவர் சொன்ன அளவில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இன்னொரு பருவம் தாராளமாகப் போகலாம், குழு எத்தனை ஆட்டம் தோற்றிருந்தாலும் சரி. ஒன்று இல்லை என்றால், பொறுப்புகளை மட்டும் ஒரு பருவத்துக்கு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வெறும் பார்வையாளராகப் போங்கள். வேன் சாவி, நோட்டு, புலனப் பட்டியல் மூன்றையும் முறையாக ஒப்படையுங்கள், பாதியில் விட்டால் பையன்கள்தான் தவிப்பார்கள். இரண்டு மூன்று கேள்விக்கு இல்லை என்றால் ஒரு பருவம் முழுதாக ஓய்வெடுங்கள். ஓய்வெடுத்தவரைத் துரோகி என்று யாரும் சொல்லப் போவதில்லை, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பழைய ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு நீங்கள் வந்துதான் ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் பருவ முடிவு வரை காத்திருக்கக் கூடாது. ஆட்டம் இல்லாத நாட்களிலும் மனச்சோர்வு, தூக்கமின்மை, சாப்பாட்டில் பிடிப்பின்மை, எதிலும் ஆர்வமின்மை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது காற்பந்தால் வந்ததாக இருக்காது. கிளினிக் கெசிஹாத்தானில் பிரஷர் பார்க்கப் போகும்போதே அதையும் சொல்லுங்கள். வெளியே போக மனமில்லாத இரவில் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐ அழைக்கலாம்.